எட்டுக்காலும் எட்டும் காலும்

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு வழக்கு வந்தது. வாதி, நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தாயார். பிரதிவாதி, எட்டாம் வகுப்புப் பையன். வழக்குப் பொருள், உள்ளங்கையில் அடங்கும் இரண்டு சீட்டுகள். ஒன்றில் சிறகு விரித்த தேவதை. மற்றதில் பார்த்தாலே உடம்பு கூசும் ஒரு ராட்சதச் சிலந்தி. சிறுமி தன் தேவதையைக் கொடுத்துவிட்டுப் பையனிடமிருந்து சிலந்தியை வாங்கிக்கொண்டாள். "குழந்தையை ஏமாற்றிவிட்டான்" என்பது தாயார் கட்சி. "நான் ஏமாத்தல சார், அவளேதான் கேட்டா" என்பது பையன் கட்சி. இதற்கிடையே பேத்தியை அழைத்துப் போக வந்த ஒரு தாத்தா, "தமிழ் வகுப்பில் சீட்டாட்டமா?" என்று கேட்டு எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தார்.

எனக்கு இலக்கணம் தெரியும். இந்தச் சீட்டு தெரியாது. தெரியாத விஷயத்தில் தீர்ப்புச் சொல்வது தவறு. ஆகவே, "மூன்று வாரம் வாய்தா. அதற்குள் நீங்கள் இருவரும் எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்" என்றேன். சொல்லிக் கொடுத்தார்கள். நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் மேசை இழுப்பறையில் இப்படி ஒரு கட்டு வைத்திருக்கலாம். கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு முறை இதைப் படியுங்கள்.

ஆட்டம் பிறந்த கதை

ஆட்டத்தின் பெயர் 'மேஜிக்: த கேதரிங்'. அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்தது. வாங்கிச் சேர்த்து, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு, பிறகு அதையே வைத்து ஆடும் சீட்டு ஆட்டங்களுக்கெல்லாம் இதுதான் மூத்தது. நம் பிள்ளைகளுக்கு அதிகம் தெரிந்த போக்கிமான் சீட்டுகள் ஜப்பானில் 1996இல்தான் வந்தன.

இதை உருவாக்கிய ரிச்சர்டு கார்ஃபீல்டு கணிதப் பேராசிரியராக இருந்தவர். தந்தையின் வேலை நிமித்தம் குடும்பம் பல இடங்களுக்கு மாறிக்கொண்டே இருந்ததால், பன்னிரண்டு வயதில் ஆரகன் மாநிலத்தில் நிலைபெறும்வரை ஊர் ஊராக வளர்ந்தவர். (நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிய கதை அல்ல.) 'ரோபோராலி' என்ற பலகை விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற சிறிய நிறுவனத்தின் தலைவர் பீட்டர் அட்கிசனிடம் போனார். அதை அச்சிடச் செலவு அதிகம் ஆகும். கையில் எடுத்துச் செல்லும்படியாக, சீக்கிரம் ஆடி முடிக்கும்படியாக ஏதாவது செய்ய முடியுமா என்று அவர் கேட்டார். கார்ஃபீல்டு திரும்பக் கொண்டு வந்தது இந்தச் சீட்டு ஆட்டம். முதல் தொகுப்பிலேயே நம் வழக்கில் வரும் தேவதையும் சிலந்தியும் இருந்தன. அந்த முதல் சிலந்தியை வரைந்தவர் சாண்ட்ரா எவரிங்ஹாம் என்ற ஓவியர்.

தாத்தா எழுப்பிய கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அவர் சந்தேகம் முழுக்க ஆதாரமற்றது அல்ல. 1993இல் வந்த விதிகளில், ஆட்டம் தொடங்கும்போது இருவரும் ஆளுக்கொரு சீட்டைப் பந்தயமாக வைப்பதும், வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்வதும் இருந்தது. அந்த வழக்கம் விரைவிலேயே கைவிடப்பட்டது; இன்று போட்டிகளில் அதற்கு இடமில்லை. ஆனால் உறையைப் பிரிக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. அதைத் தாத்தா குறை சொன்னால் நான் அவர் பக்கம்தான். உறைமேல் உறையாக வாங்குவதைவிட, உள்ளே இருப்பது இன்னதென்று அச்சிட்டு விற்கும் முழுக் கட்டு ஒன்றை வாங்கி வருடக்கணக்கில் ஆடலாம். நம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டு காசு கொடுத்து வாங்கியதும் அல்ல. பையனின் சித்தப்பா அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, தாம் இளமையில் ஆடிய பழைய சீட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனாராம். அவன் அதில் பாதியைக் கீழ்வீட்டுச் சிறுமிக்குக் கொடுத்திருக்கிறான். கஞ்சன் என்று அவனைச் சொல்ல முடியாது.

சீட்டைப் படிப்பது எப்படி?

ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் 20 உயிர்ப் புள்ளிகள். எதிராளியின் புள்ளியைச் சுழியாக்கினால் வெற்றி. கட்டில் இருவகைச் சீட்டுகள் முக்கியம்: நிலங்கள், உயிரினங்கள். நிலம் ஐந்து வகை: சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு. சமவெளி வெள்ளை நிறத்துக்கு, தீவு நீலத்துக்கு, சதுப்பு கறுப்புக்கு, மலை சிவப்புக்கு, காடு பச்சைக்கு. முறைக்கு ஒரு நிலம் மட்டுமே கீழே வைக்கலாம். உயிரினத்தை அழைப்பதற்கான சக்தியை நிலம்தான் தர வேண்டும்.

சிலந்திச் சீட்டின் வலது மேல் மூலையைப் பாருங்கள். 3 என்ற எண்ணும் ஒரு மரமும் இருக்கும். ஏதேனும் மூன்று நிலமும், அதோடு கட்டாயம் ஒரு காடும் வேண்டும் என்று அதற்குப் பொருள். ஆக நான்கு நிலம். தேவதைச் சீட்டில் 3 என்ற எண்ணும் இரண்டு சூரியன்களும் உண்டு. ஏதேனும் மூன்று நிலம், கட்டாயம் இரண்டு சமவெளி, ஆக ஐந்து. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

வலது கீழ் மூலையில் இரண்டு எண்கள். சிலந்திக்கு 2/4. தேவதைக்கு 4/4. முதல் எண் எதிரிக்குக் கொடுக்கும் அடி. இரண்டாவது எண் தான் வாங்கித் தாங்கும் அடி. ஆங்கிலத்தில் இவற்றுக்கு இரண்டு வெவ்வேறு சொற்கள், ஒன்றோடொன்று ஒட்டாதவை. வகுப்பில் மொழிபெயர்க்கச் சொன்னபோது ஒரு பெண் 'தாக்கு', 'தாங்கு' என்றாள். ஒரே ஒரு எழுத்து மாறியது, வேலை முடிந்தது. அன்று முதல் வகுப்பில், "சிலந்திக்குத் தாக்கு இரண்டு, தாங்கு நாலு" என்றுதான் பேசுகிறோம்.

சண்டை இப்படி நடக்கும். என் உயிரினம் உங்கள் உயிரினத்தை நேராகத் தாக்காது, உங்களைத்தான் தாக்கும். உங்கள் உயிரினத்தை நடுவில் நிறுத்தித் தடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். தடுத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று அடிக்கும். ஒரு முறைக்குள் வாங்கிய மொத்த அடி, தாங்கும் எண்ணைத் தொட்டால் அந்த உயிரினம் செத்தது. தொடாவிட்டால், அந்த முறை முடிந்ததும் காயம் முழுவதும் ஆறிவிடும்.

இதில் ஒரு விதிவிலக்கு. சில உயிரினங்களுக்குப் பறக்கும் திறன் உண்டு. பறப்பதைப் பறப்பதுதான் தடுக்கலாம். தரையில் நிற்பது எவ்வளவு பெரிதானாலும், வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வெள்ளையிலும் நீலத்திலும் பறவைகள், தேவதைகள், காற்று பூதங்கள் என்று பறப்பவை ஏராளம். பச்சை நிறமோ காட்டு மிருகங்களின் நிறம். கரடி, ஓநாய் எல்லாம் தரையில் ஓடுபவை. அப்படியானால் பச்சைக்காரன் கதி என்ன? அந்தக் குறையை அடைக்கத்தான் ஆட்டத்தைச் செய்தவர் சிலந்தியைக் கொண்டு வந்தார். சிலந்தி பறக்காது. ஆனால் பறப்பதைத் தடுக்கும். ஏன்? அதனிடம் வலை இருக்கிறதே! விதியை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. சிலந்தியை வீட்டு மூலையில் ஒரு முறை பார்த்த குழந்தைக்கு விதி தானாகப் புரிந்துவிடும். பாடநூல் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய வேலை இது.

'எட்டு' என்ற சொல்

தொடக்க காலத்தில் இந்தத் திறனைச் சீட்டின்மேல் ஒரு முழு வாக்கியமாகவே அச்சிட்டு வந்தார்கள். 2007இல் 'ஃபியூச்சர் சைட்' என்ற தொகுப்பு வந்தபோது அதற்கு ஒற்றைச் சொல்லாகப் பெயர் வைத்தார்கள்: 'ரீச்'.

"இதைத் தமிழில் சொல்" என்றேன் பையனிடம். அவன் யோசித்து, "பஹுஞ்ச்... பஹுஞ்ச்னா" என்றான். இந்தி முந்திக்கொண்டது. குற்றம் சொல்லவில்லை, பள்ளியிலும் தெருவிலும் அவன் பேசுவது அதுதானே. "உன் பாட்டி அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் டப்பாவை எடுக்கச் சொல்லும்போது என்ன சொல்வார்கள்?" என்று கேட்டேன். பதில் அவனிடமிருந்து வரவில்லை. சிலந்தியை வாங்கிய அந்தச் சிறுமிதான் சொன்னாள்: "எனக்கு எட்டல, நீ எடுத்துக் குடு!"

எட்டல. எட்டு. எட்டும்!

அடுத்த நொடி அவளே, "சார், எட்டுக்கால் பூச்சி! அதுக்குக் கால் எட்டு. அதனால அதுக்கு எட்டும்!" என்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆங்கிலத்தில் செய்ய முடியாத சிலேடை ஒன்று நம் மொழியில் சும்மாவே கிடந்திருக்கிறது. எண்ணைக் குறிக்கும் 'எட்டு' வேறு, தொடுவதைக் குறிக்கும் 'எட்டு' வேறு. ஒலி மட்டும் ஒன்று. நம் பிள்ளைகளுக்கு எண் தெரியும், வினை தெரியாது. பாட்டியோடு இருந்தால் தெரியும்.

அன்றைய பாடத்தை அப்படியே அதன்மேல் ஏற்றினேன். எட்டினான், எட்டவில்லை, எட்டாத உயரம். எட்டிப் பார்த்தான் என்றால் தலையை நீட்டிப் பார்த்தான். எட்டி உதைத்தான் என்றால் காலை நீட்டி உதைத்தான். 'எட்ட நில்' என்றால் தள்ளி நில்; தொடுவதைச் சொல்லும் சொல்லே தொலைவையும் சொல்கிறது பாருங்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்ற பழமொழியைச் சொன்னதும், "தேவதையைக் கையில் வைத்துக்கொண்டு அழைக்க நிலம் இல்லாமல் உட்கார்ந்திருப்பதுபோல" என்று பையன் விளக்கினான். எந்தத் தமிழாசிரியரும் இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கொடுத்திருக்க மாட்டார்.

மொழி பற்றிப் பேசும்போது இன்னொன்று. நாம் வாழும் மும்பையில் மராட்டியில் சிலந்திக்குக் 'கோளி' என்று பெயர். கடலோரத்தில் வலை வீசும் மீனவ சமூகத்தாருக்கும் கோளி என்றுதான் பெயர். நம் பழைய தமிழில் மீனவரை வலைஞர் என்பார்கள். வலையை வைத்துப் பார்த்தால் எல்லாம் பக்கத்து வீடுதான். தமிழில் வலை தவிர, வீட்டுக் கூரை மூலையில் அழுக்கோடு தொங்குவதற்கு ஒட்டடை என்றும் நூலாம்படை என்றும் இரண்டு சொற்கள் உண்டு. நூலாம்படை என்ற சொல்லை வகுப்பில் ஒரு பிள்ளைகூட அறிந்திருக்கவில்லை. இந்தப் பண்டிகைக்கு ஒட்டடை அடிக்கும்போது பிள்ளைகள் கையில் கம்பைக் கொடுத்துச் சொல்லையும் சேர்த்துக் கொடுங்கள்.

எட்டுக்கால் 'பூச்சி' என்கிறோமே தவிர, அறிவியல்படி சிலந்தி பூச்சி அல்ல. பூச்சிக்கு ஆறு கால், உடம்பு மூன்று பகுதி. சிலந்திக்கு எட்டுக் கால், உடம்பு இரண்டு பகுதி, சிறகும் உணர்கொம்பும் கிடையாது. தேளும் உண்ணியும் அதன் உறவுக்காரர்கள்.

சீட்டுச் சிலந்தியும் நிஜச் சிலந்தியும்

முதல் பதிப்புச் சிலந்திச் சீட்டின் அடியில், ஆட்டத்துக்குத் தொடர்பில்லாத சிறு குறிப்பு ஒன்று உண்டு. இந்தச் சிலந்திக்குக் கொடிய நஞ்சு உண்டாம். இருந்தும் பிடித்த இரையைப் பல சமயம் மயக்குவதில்லையாம். இரை தப்பிக்கத் துடிக்கும்போது வலை ஊஞ்சல்போல ஆடுவது அதற்குப் பிடிக்கிறதோ என்னவோ என்று எழுதியிருக்கிறார்கள். படித்ததும் சிறுமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "நிஜமாவா சார்?"

நிஜம் வேறு. வட்ட வலை பின்னும் சிலந்திக்குக் கண்பார்வை மந்தம். அது வலையின் நடுவில் உட்கார்ந்து, ஆரக்கால் நூல்களின்மேல் கால்களை வைத்துக்கொண்டு அதிர்வைத்தான் படிக்கிறது. கால்களில் இருக்கும் நுண்ணிய பிளவுகள் அந்த அதிர்வை உணரும். ஆடியது காற்றா, ஈயா, துணை தேடி வந்த ஆண் சிலந்தியா என்று அதற்குத் தெரிந்துவிடும். ஆக வலை ஆடுவது அதற்குத் தந்தி, ஊஞ்சல் அல்ல. ஆரக்கால் நூல் ஒட்டாது, உறுதியானது. சுற்றிச் சுற்றி வரும் சுருள் நூல்தான் பசை. பல சிலந்திகள் பழைய வலையைத் தின்றுவிட்டு, அந்தச் சத்தைக் கொண்டே புது வலை கட்டும். நம் வீட்டில் நேற்றைய சாதம் இன்றைக்குத் தாளித்து வருவதுபோல என்று சொன்னேன்; பிள்ளைகள் ரசிக்கவில்லை.

பறப்பதை எட்டிப் பிடிக்கும் நிஜச் சிலந்தி உண்டா? உண்டு, சீட்டில் இருப்பதைவிடக் கெட்டிக்காரச் சிலந்திகள். வலைவீசிச் சிலந்தி என்று ஒரு வகை. தீப்பெட்டி அளவுக்குச் சிறு வலையைப் பின்னி, முன்கால்களில் விரித்துப் பிடித்தபடி தலைகீழாகத் தொங்கும். கீழே பூச்சி நடந்தால் வலையைக் கவிழ்க்கும். பின்னால் பூச்சி பறந்தால், திரும்பிப் பார்க்காமலே பின்புறமாக வலையை வீசிப் பிடிக்கும். காது இல்லாத அந்தச் சிலந்தி, பறக்கும் ஒலியைக் காலால் கேட்கிறது என்று 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். இன்னொரு வகை வலையே பின்னுவதில்லை. ஒரே ஒரு நூல், அதன் நுனியில் பசைத்துளி. ஆண் அந்துப்பூச்சியை மயக்கும் வாசனையை விட்டு அருகில் வரவழைத்து, கவண்கல் சுழற்றுவதுபோலச் சுழற்றி அடிக்கும்.

சிலந்தி பறக்காது என்றேனே, அதிலும் ஒரு திருத்தம். 1832இல் சார்லஸ் டார்வின் பீகிள் கப்பலில் தென் அமெரிக்கக் கரையிலிருந்து ஏறக்குறைய 60 மைல் தள்ளிக் கடலில் இருந்தபோது, கப்பல் கயிறுகளெல்லாம் நூலாம்படை படர்ந்து, ஆயிரக்கணக்கான சிறு சிலந்திகள் வந்து இறங்கியிருப்பதைக் கண்டார். குஞ்சுச் சிலந்தி உயரமான இடத்தில் ஏறி, வயிற்றைத் தூக்கி, மெல்லிய நூலைக் காற்றில் விடும். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். காற்று மண்டலத்தின் மின்புலமும் இதற்கு உதவுகிறது என்று 2018இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்தார்கள். பிறந்த ஊரிலேயே எல்லாக் குஞ்சும் தங்கினால் இரை போதாது. ஆகவே நூலைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. மும்பைக்கு ரயிலேறி வந்த நம்மிடம் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சரி, சீட்டில் இருப்பதுபோல ஆளைவிடப் பெரிய சிலந்தி இருக்க முடியுமா? முடியாது. எடையில் உலகின் மிகப் பெரிய சிலந்தி தென் அமெரிக்காவின் கோலியாத் சிலந்தி. கால்களை விரித்தால் ஏறக்குறைய 30 செ.மீ. அதோடு சரி. காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும் (2 × 2 × 2). ஆனால் தாங்கும் காலின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்குதான் (2 × 2). பத்து மடங்காக்கினால் எடை ஆயிரம் மடங்கு, கால் நூறு மடங்கு. தாக்கு ஏறும், தாங்கு ஏறாது! அதோடு, சிலந்தி காலை மடக்கத் தசை உண்டு. முக்கிய மூட்டுகளை நீட்டத் தசை இல்லை. உடம்பு நீரை அழுத்திக் காலுக்குள் செலுத்தித்தான் நீட்டுகிறது. செத்த சிலந்தியின் கால் சுருண்டு கிடப்பதன் காரணம் இதுவே: அழுத்தம் போய்விட்டது. யானை அளவுச் சிலந்தி எழுந்தே நிற்காது.

குத்தி ரயில் நிலையம்

சேகரிக்கும் சீட்டைப் பற்றிச் சொல்லும்போது, சேகரிக்கப்படும் சிலந்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மும்பையிலிருந்து சென்னை செல்லும் ரயிலில் குண்டக்கல் தாண்டியதும் ஆந்திராவில் குத்தி என்ற நிலையம் வரும். ஆங்கிலத்தில் கூட்டி என்று படிக்கும்படி எழுதியிருப்பார்கள். நம்மில் பலர் அந்த இடத்தைத் தூக்கத்திலேயே கடந்திருப்போம். அங்கே ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரு சிலந்தியை 1899இல் போகாக் என்ற ஆங்கிலேய அறிஞர் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். மயில் கழுத்து நீலம். காலில் மஞ்சள் பட்டை. அந்த நீலம் சாயம் அல்ல. உடல் மயிரின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருவது. பெயர் பொய்சிலோதீரியா மெட்டாலிகா.

அதற்குப் பிறகு நூறாண்டுகளுக்கு மேல் அது காட்டில் கண்ணில் படவில்லை. 2001இல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவிலுள்ள காட்டில் மறுபடி கண்டுபிடித்தார்கள். மரம் அங்கிருந்து ரயிலில் வந்திருக்க வேண்டும், மரத்தோடு சிலந்தியும் வந்திருக்க வேண்டும். காடு சுருங்குவதாலும், அழகுக்காக வெளிநாட்டார் வாங்கி வளர்ப்பதாலும் அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. 2019இல் அதன் இனம் முழுவதையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வந்தார்கள். சீட்டில் அச்சிட்ட சிலந்தியை எத்தனை கை மாற்றினாலும் மறுபடி அச்சடிக்கலாம். இதை அச்சடிக்க முடியாது என்று வகுப்பில் சொன்னபோது, இதுவரை ஒட்டடைக் கம்பால் தான் நசுக்கிய சிலந்திகளை ஒரு பையன் விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டான். வீட்டுச் சிலந்தி கொசுவையும் ஈயையும் தின்பது. பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாதவை. காகிதத்தில் ஏற்றி ஜன்னலுக்கு வெளியே விட்டால் போதும் என்று சொல்லி வைத்தேன்.

தீர்ப்பு

மூன்றாவது ஞாயிறு. இருவருடைய கட்டையும் மேசைமேல் பரப்பினேன். சிறுமியின் கட்டில் இருந்த நிலங்களை எண்ணினோம். அத்தனையும் காடு. ஒரு சமவெளிகூட இல்லை. தேவதையை அழைக்க இரண்டு சமவெளி கட்டாயம் வேண்டுமே? ஆக, அவள் கையில் அந்தத் தேவதை ஆயுளுக்கும் வெறும் படம். சிலந்தியோ நான்காவது முறையிலேயே எழுந்து நிற்கும். அதற்கும் மேலே, அவள் கட்டில் 'ஜயன்ட் க்ரோத்' என்ற சீட்டு இருந்தது. ஒரே ஒரு காட்டுச் செலவில் அந்த முறை முடியும்வரை ஓர் உயிரினத்துக்கு இரண்டு எண்ணிலும் மூன்று கூட்டும். தேவதை பறந்து வந்து தாக்கும்போது சிலந்தியை நிறுத்தித் தடுத்து, இதைப் போட்டால் 2/4 என்பது 5/7 ஆகும். தேவதைக்கு ஐந்து அடி, செத்தது. சிலந்திக்கு நான்கு அடி, பிழைத்தது. செலவு நான்கும் ஒன்றும் ஐந்து, தேவதைக்கும் ஐந்து. "இதுக்குத்தான் வாங்கினேன்" என்றாள் ஒன்பது வயதுப் பெண்.

தாயார் கணக்கைப் பார்த்தார். ஆனால் விட்டுவிடவில்லை. "ஆட்டத்தில் சரி. விலையில்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சிலந்திச் சீட்டு ஏராளமாக அச்சடிக்கப்பட்ட சாதாரண வகை. தேவதை அதைவிட அரிதான வகை. விற்கப் போனால் இரண்டும் ஒன்றல்ல. பையனிடம், "இது உனக்கு முன்பே தெரியுமா?" என்றேன். தெரியும் என்றான். "அவளிடம் சொன்னாயா?" என்றேன். தரையைப் பார்த்தான். "அவ கேக்கல சார்" என்றான்.

நான் மேலே எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவன் இன்னும் இரண்டு சிலந்தியும் ஒரு ஜயன்ட் க்ரோத்தும் கொண்டு வந்து அவள் நோட்டின்மேல் வைத்துவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். அவள் எண்ணிப் பார்த்துவிட்டு, "தாங்க்ஸ் அண்ணா. ஆனா அடுத்த ஆட்டத்துல உன் தேவதை காலி" என்றாள். தாத்தா இப்போது வாரம் தவறாமல் சீக்கிரமே வந்துவிடுகிறார். வேடிக்கை பார்க்கத்தான் என்கிறார். சென்ற வாரம் சிலந்தியைத் தடுக்க நிறுத்தும்படி பேத்தியின் காதில் கிசுகிசுத்ததை நானே கேட்டேன்.

வீட்டில் செய்து பார்க்க

சீட்டு இல்லாதவர்கள் காகிதத்தை வெட்டி எண்களை எழுதிக்கொண்டாலே போதும். நான்கு கணக்குகள்.

ஒன்று: 'ஃபேன்டம் மான்ஸ்டர்' (3/3, பறக்கும்) தாக்குகிறது. சிலந்தி தடுக்கிறது. யார் சாவது?

இரண்டு: அதே தடுப்பு முடிந்தவுடன், அதே முறைக்குள், எதிராளி 'லைட்னிங் போல்ட்' என்ற இடிச் சீட்டால் சிலந்திக்கு மூன்று அடி கொடுக்கிறார். இப்போது? அதே இடியை அடுத்த முறையில் கொடுத்திருந்தால்?

மூன்று: தேவதை (4/4) தாக்கும்போது இரண்டு சிலந்திகள் சேர்ந்து தடுக்கின்றன. ஜயன்ட் க்ரோத் கையில் இல்லை. தேவதையின் சொந்தக்காரர் தன் நான்கு அடியை விருப்பம்போலப் பிரித்துக் கொடுக்கலாம். முடிவு என்ன?

நான்கு: எட்டு என்ற வினையிலிருந்து பிறந்த சொற்களை வைத்து, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஐந்து வாக்கியம் எழுதுக. எண்ணைக் குறிக்கும் எட்டு வரக்கூடாது.

விடைகள்: ஒன்று, யாரும் சாவதில்லை, சிலந்தி வாங்கியது 3, தாங்குவது 4, எதிரி வாங்கியது 2, தாங்குவது 3. இரண்டு, 3 + 3 = 6, சிலந்தி செத்தது; அடுத்த முறை என்றால் பழைய காயம் ஆறியிருக்கும், வாங்கியது 3 மட்டும், பிழைக்கும். மூன்று, 2 + 2 = 4, தேவதை செத்தது; அதன் சொந்தக்காரர் நான்கையும் ஒரே சிலந்திக்குக் கொடுத்தால் அந்த ஒன்று சாகும், இரண்டிரண்டாகப் பிரித்தால் இரண்டும் பிழைக்கும். நான்காவதற்கு விடை உங்கள் பாட்டியிடம். எழுதி வருபவர்கள் அடுத்த ஞாயிறு வகுப்புக்கு நோட்டைக் கொண்டு வாருங்கள்.